ஏழாம் நம்பர் பங்களாவில் ஒரு மடக்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வடக்கே எங்கள் கட்கி பஜாரில் காய்கறிக்காரனிலிருந்து பங்குச் சாமியார் வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசத் தெரியாதவள் ஜோசபின் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தைப் பதினோரு மாதம் தொண்டைக்குள் பூட்டி வைத்திருந்தேன். தினமும் காலையில் என் வீட்டுக்காரர் சவரிமுத்துவின் காபியில் ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாது.

குடியை நிறுத்துகிற மாத்திரை அது. உள்ளே மாத்திரை இருக்கும்போது ஒரு வாய் குடித்தாலும் போதும், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஆளைச் சாய்த்துவிடும். கோயில் பாடல் குழுவில் என்னோடு பாடுகிற ஒருத்தி பெயரை எழுதிக் கொடுத்தாள். ஆளிடம் சொல்லாமல் கொடுக்காதே, உயிருக்கே ஆபத்து என்று மருந்துக் கடைக்காரர் இந்தியில் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் தலையாட்டினேன்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமே, அதற்காகச் செய்தேன்.

நாங்கள் இருந்தது ஏழாம் நம்பர் பங்களாவில். நூற்றைம்பது வருஷத்துக் கல் கட்டடம், பட்டாளத்து வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் கட்டியது. இப்போது ஒரு டிரஸ்ட் வைத்து அதைப் பாதுகாக்கிறார்கள். சனிக்கிழமைகளில் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஃபேக்டரி வேலையைக் குடியில் தொலைத்த என் வீட்டுக்காரருக்கு அங்கே கேர்டேக்கர் வேலை கிடைத்தது. பின்பக்கத்து இரண்டு அறைகள் எங்களுக்கு. இடுப்பில் சாவிக் கொத்தோடு அவர் நடப்பதைப் பார்த்தால் பங்களாவையே அவர்தான் கட்டினார் என்று தோன்றும்.

தொண்ணூற்றாறு கிறிஸ்துமஸ் அன்று அந்த ராஜா குடித்துவிட்டு, முன் ஹாலில் நாற்காலி போட்டு ஏறி, கூரையிலிருந்து தொங்கிய பெரிய கண்ணாடி விளக்கில் நட்சத்திரம் கட்டப் போனார். விளக்கும் அவரும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நூறு வருஷத்து விளக்கு தூள் தூளாகப் போனது.

டிரஸ்டின் செக்ரட்டரி பத்ரிநாத் சார், மிலிட்டரி கணக்கு ஆபீஸில் ரிடையர் ஆனவர். கோபப்படவே மாட்டார், அதுதான் பயமே. மறுநாள் வந்து கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "சவரிமுத்து, இது கடைசி. இனி ஒரு தடவை இந்த வீட்டுல உங்களை அந்த நிலைமைல நான் பார்த்தேன்னா, அன்னிக்கே சாவியைக் கொடுத்துடணும்" என்றார். என் மகள் அம்மு அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஜனவரிக் கடைசியில் நான் மருந்துக் கடைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. பஜாரிலிருந்து வீட்டுக்கு வர இரண்டு வழி உண்டு. ஒன்று கோயில் வழி, இன்னொன்று தாருக் கடை வழி. சாராயக் கடையை இங்கே நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தினமும் சாயந்திரம் பையை இறக்கி வைத்துவிட்டு, "ஜோசு, இன்னைக்கும் தாருக் கடை வழியாத்தான் வந்தேன்" என்பார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நிற்பார்.

"ரொம்ப சந்தோஷம். கொத்தமல்லி எங்க?" என்பேன் நான்.

மனசுக்குள் மாத்திரைக்கு நன்றி சொல்லுவேன். உள்ளது உள்ளபடி சொல்கிறேன், அவருக்கு ஒரு நன்றி சொன்னதே இல்லை.

நவம்பரில் பத்ரிநாத் சார் அவராகவே வந்து, "இந்த வருஷம் கிறிஸ்துமஸை முன் ஹால்லயே வச்சுக்கோங்கோ. நானும் நீலாவும் வரோம்" என்றார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மெழுகுவத்தி ஏற்றக் கூடாது, கயிறு கட்டிய பழைய நாற்காலிகளில் யாரும் உட்காரக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் ஹாலின் பித்தளைக் கைப்பிடிகளைப் புளி போட்டுத் தேய்த்தார்.

கடையில் வாங்கியது எதுவும் வேண்டாம் என்று நான் தீர்மானித்தேன். அம்மு மூங்கில் குச்சியும் பட்டம் செய்கிற காகிதமும் வைத்து நட்சத்திரம் ஒட்டினாள். குளிர் காய்கிற கணப்பு அடுப்பு சும்மாதானே கிடக்கிறது என்று அதற்குள் குடில் வைத்தோம். கேக் மாவை நான் அடித்து, தகர டின்னில் பெயர் எழுதி, எல்லாரையும் போலப் பஜார் பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கினோம். ஒரு பக்கம் கருகியிருந்ததை வெட்டி எடுத்துவிட்டேன். பத்ரிநாத் சார் வீட்டில் முட்டை ஆகாது. அவர்களுக்காகத் தனியாக, முட்டை சேர்க்காமல், கல்கல் என்கிற இனிப்பு மாவுப் பலகாரம் பொரித்தேன்.

இனி ஜாடிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் டிசம்பர் எட்டு, மாதா திருநாள் அன்று திராட்சையை ஜாடியில் போட்டுத் துணி கட்டுவோம். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்து, வீட்டுத் தலைவர் சிலுவை போட்டுக் கட்டை அவிழ்ப்பார். அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது. அந்த ஒயினில் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கேக் வெட்டுவது. இந்த வருஷம் ஒயின் கிடையாது என்று நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். ஆனால் டம்ளரில் சிவப்பாக ஏதாவது இல்லாமல் எப்படிக் கேக் வெட்டுவது? கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை, பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டினேன். ஈஸ்ட் போடவில்லை, கோதுமை போடவில்லை. வெறும் சாறு, பச்சைப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தச் சாற்றை எட்டாம் தேதி அன்றே காய்ச்சி, ஆறினதும் அதே ஜாடியில் ஊற்றி, அதே துணியைக் கட்டி, அதே மூலையில் வைத்தேன். பதினேழு வருஷம் ஒயின் ஊறிய ஜாடி, ஒயின் குடித்த துணி. தானாகப் புளித்துப் பொங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வருஷா வருஷம் ஒயின் போட்ட கை இது. புத்தி எங்கே மேயப் போனது என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

தொண்ணூற்றேழு கிறிஸ்துமஸ். பூசை முடிந்து வந்தோம். பத்தரை மணிக்குப் பத்ரிநாத் சாரும் நீலா மாமியும் அவர்களுடைய மாருதியில் வந்து இறங்கினார்கள். எனக்கு நான்கு நாளாக ஜலதோஷம், மூக்கு முழுக்க அடைத்திருந்தது. என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சாவிக் கொத்தோடு நின்றார். தாடையில் ஷேவ் செய்த காயம் ஒன்று.

"எல்லாம் நீங்களே பண்ணினதா?" என்று நீலா மாமி நட்சத்திரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி. சப் குச். பேக்கரி அடுப்பு மட்டும் எங்களுது இல்ல" என்றாள் அம்மு.

என் வீட்டுக்காரர் ஜாடியின் மேல் சிலுவை போட்டுத் துணியை அவிழ்த்தார். உஸ் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. எனக்குக் கேட்கத்தான் செய்தது. ஜலதோஷத்தில் காதும் அடைத்திருந்ததால், ஏதோ சத்தம் என்று விட்டுவிட்டேன். ஐந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். நிறம் அவ்வளவு அழகாக இருந்தது.

"சாறுதான் சார், வெறும் திராட்சைச் சாறு" என்று பெருமையோடு சொன்னேன்.

"ஹாப்பி கிறிஸ்துமஸ் சார்" என்று என் வீட்டுக்காரர் டம்ளரைத் தூக்கி ஒரு பெரிய மடக்கு குடித்தார். அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். சர்க்கரை கூடிவிட்டதோ என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கேக் தட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

பத்ரிநாத் சார் உதட்டில் வைத்துவிட்டு, "கொஞ்சம் புளிச்சிருக்கோ?" என்றார்.

"கிராம்பு ஜாஸ்தியாப் போட்டுட்டா சார். அதை வச்சிருங்க, தண்ணி தரச் சொல்றேன்" என்று அவர் கையிலிருந்த டம்ளரை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். நீலா மாமியுடையதையும் எடுத்து வைத்தார். "அம்மு, நீ குடிக்காத. தொண்டை கட்டிக்கும்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். விருந்தாளி முன்னால் நான் காய்ச்சியதைக் குப்பையில் போடாத குறை. இருக்கட்டும், சாயந்திரம் கவனித்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் டம்ளரையும் வைத்துவிட்டுக் கேக்கை வெட்டினேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். அவர் பத்ரிநாத் சாருக்குக் குடிலைக் காட்டிக்கொண்டிருந்தார். முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து. வெள்ளைச் சட்டைக் காலருக்கு மேலே ரத்தம் ஏறுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பேச்சு நடுவில் நின்றது.

"மம்மி, பப்பா முகம் ஏன் இப்படி லால் ஆயிருச்சு?" என்று அம்மு என் காதருகில் கேட்டாள்.

இந்த முகத்தைத்தான் பதினோரு மாதமாக நான் தினமும் சாயந்திரம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கேக் தட்டுக்குப் பின்னாலிருந்த டம்ளரை எடுத்தேன். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். சுரீர் என்றது. ஒயின்தான், சந்தேகமே இல்லை.

திரும்பிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் கயிறு கட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் அத்தனை வருஷத்தில் அவர் அதில் கை கூட வைத்ததில்லை.

பத்ரிநாத் சார் குடிலை விட்டு அவர் பக்கம் வந்தார். குனிந்து அவர் வாயருகில் முகர்ந்தார்.

"குடிச்சிருக்கேளா?"

"இல்ல சார்."

சார் மேஜைக்கு வந்து, என் கையிலிருந்த டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தார். "சாறுன்னு சொன்னேளேம்மா."

"அவளுக்குத் தெரியாது சார்" என்றார் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு. "தானாப் புளிச்சுப் போச்சு. நான் ஒரு மடக்குத்தான். தெரிஞ்ச உடனே வச்சிட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் மடக்கிலேயே இவருக்குத் தெரிந்துவிட்டது. எல்லார் டம்ளரையும் வாங்கி வைத்தது என் மானத்தைக் காப்பாற்ற.

"ஒரு மடக்குல ஒரு மனுஷனுக்கு முகம் இப்படி ஆகாது, சவரிமுத்து" என்றார் பத்ரிநாத் சார். குரல் உயரவே இல்லை. "காலம்பறயிலேர்ந்தே ஆரம்பிச்சாச்சு. இதையும் மேல ஊத்தியிருக்கேள். சாவியைக் கொடுத்துடுங்கோ. மாசக் கடைசிக்குள்ள அறையைக் காலி பண்ணினாப் போதும்."

என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்தார். கொத்தைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை. ஒருவழியாகக் கழற்றி நீட்டும்போது அது தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் வாந்தியெடுத்தார்.

"பப்பா" என்று அம்மு ஓடிப்போய்த் தலையைத் தாங்கினாள்.

"தூங்கினா தெளிஞ்சுடும். நீலா, நாம கிளம்பலாம்" என்றார் சார்.

வாயைத் திறந்தால் இவர் முன்னால், பிள்ளை முன்னால் எல்லாம் வெளியே வரும். திறக்காவிட்டால் இவர் குடிகாரன் என்ற பெயரோடு போவார், கார் கிளம்பிவிடும், நெஞ்சு நின்றால் உயிரும் போகும். ஊருக்கெல்லாம் வாயாடி, எனக்கு அன்றைக்குப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தேன். நாடி தாறுமாறாக ஓடியது.

"சார், நில்லுங்க. அவர் குடிகாரர் இல்ல. நான்தான் பண்ணினேன்."

சார் வாசற்படியில் நின்றார்.

"காபில மாத்திரை போடறேன் சார். குடிச்சா ஒத்துக்காத மாத்திரை. தினமும் போடறேன். இன்னைக்குக் காலைலயும் போட்டேன். அது உள்ள இருக்கறதாலதான் ஒரு மடக்குக்கே இப்படி ஆயிருச்சு. அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் சார், உயிருக்கு ஆபத்துன்னு கடைக்காரர் சொன்னாரு."

"எத்தனை நாளா?"

"ஜனவரிலேர்ந்து."

"ஜனவரிலேர்ந்து தினமும் போட்டேள். அதுக்கு நடுவுல இவர் குடிக்கலன்னு என்னை நம்பச் சொல்றேளா?"

"குடிச்சிருந்தா பிப்ரவரிலயே இப்படி விழுந்திருப்பாரே சார். ஒரு நாள் கூட விழலயே" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. மாத்திரை வேலை செய்கிறது, வேலை செய்கிறது என்று தினமும் நன்றி சொன்னேனே. அது ஒரு நாளும் வேலை செய்யவில்லை. அதற்கு வேலையே வரவில்லை. தாருக் கடை வழியாக இந்த மனுஷன் சும்மா நடந்து வந்திருக்கிறார், பதினோரு மாதம், தன் காலால். நான் கொத்தமல்லி எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

அம்முவின் மடியில் தலை வைத்தபடி அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

பத்ரிநாத் சார் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். "காரை வாசல் கிட்டக் கொண்டு வரேன். ரெண்டு பேரும் தூக்குங்கோ" என்று ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் வைஷாலி என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா. ரத்த அழுத்தம் விழுந்து கிடந்தது. பாட்டில் ஏற்றி, ஆக்சிஜன் வைத்து, சாயந்திரம் நான்கு மணிக்குத்தான் பயமில்லை என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தியில் கிழித்துத் தோரணம் கட்டினார். இன்னும் இரண்டு மடக்கு குடித்திருந்தால் கிறிஸ்துமஸும் கல்லறைத் திருநாளும் உனக்கு ஒன்றாகப் போயிருக்கும் என்றார். பதில் பேசாமல் நான் திட்டு வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பத்ரிநாத் சார் அதுவரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து, சாவிக் கொத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் தப்பாப் பேசிட்டேன், சவரிமுத்து. மன்னிச்சுக்கோங்கோ. சனிக்கிழமை ஆட்கள் வருவா, நீங்க திறந்தாத்தான் உண்டு."

என் வீட்டுக்காரர் சாவியைத் தொட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. "சரி சார்" என்றார். சார் என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனார். திட்டியிருந்தால் தேவலை.

ராத்திரி அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். பிரியாணி செய்ய வாங்கின ஆட்டுக்கறி அப்படியே கெட்டுப் போயிருந்தது. அம்மு கல்கல்லையே மூன்று தட்டில் போட்டு வைத்தாள். மூன்று பேரும் பின்னறையில் உட்கார்ந்து அதைக் கொறித்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன், அழுதேன், மீதி மாத்திரையை அவர் கண் முன்னாலேயே சாக்கடையில் கொட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கப் போகும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "தினமும் வந்து சொன்னேனே ஜோசு. ஒரு நாள் கூட நம்பலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். இனிமேல் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பொய் சொல்வது? "நம்பல" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அவர் ஸ்டவ் முன்னால் நின்று காபி கலந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் அடுப்பு பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. பால் பொங்கி ஸ்டவ் எல்லாம் வழிந்திருந்தது. நான் கிட்டே போனதும், "இனிமே என் காபிய நானே போட்டுக்கறேன்" என்றார்.

சரி என்றேன்.

அவர் இன்னொரு டம்ளரிலும் ஊற்றி என் கையில் கொடுத்தார். வாங்கினேன். குடிக்காமல் நின்றேன். அவர் போட்ட முதல் காபி, பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான். அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்ததை வாங்கி, ஒரு மடக்குக் குடித்துக் காட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"குடி ஜோசு. நான் ஒன்னும் கலக்கல."